மூன்று தண்ணீர் கழுவிய கடற்பாசி

இளங்கோ அனுப்பிய வீடியோவை ஐந்து முறை பார்த்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் பச்சைப் பொடியைக் கையில் அள்ளிக் காட்டி, "கடல் குடுத்த வரம்! உங்க பன்னி ஏறுற எடையை நீங்களே கண்ணால பாருங்க!" என்று கத்துகிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிற பன்றி வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படம் முழுவதும் ஒரு தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. இளங்கோ, நீ அதைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். பொடியைத்தான் பார்த்திருப்பாய்.

பிறகு போன் செய்தாய். "அப்பா, நீங்கதான் அந்தப் பாசி வேலை எல்லாம் பாத்தீங்கள்ல? ஃபார்முலாவ மட்டும் வாட்ஸப்ல போட்டு விடுங்க."

மட்டும்! முப்பத்து நான்கு வருடம் பன்றிக் கொட்டகையில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் சத்தம் போட்டேன், நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் கலையரசி கூப்பிட்டாள். "அப்பா, எழுதியே குடுத்துருங்க. பேசுனா நீங்க கத்துவீங்க, அவன் வெச்சுருவான். எழுதுனா நடுவுல வெக்க முடியாதுல்ல." நியாயமாகத்தான் பட்டது. அதனால் இரண்டு பேருக்குமாக எழுதுகிறேன். பாதியில் வைக்காமல் படியுங்கள்.

ஃபார்முலா இதுதான்: நூறு கிலோ தீவனத்துக்கு இரண்டு கிலோ கடற்பாசித் தூள். எழுதிக்கொண்டாயா? ஒரே வரி. இந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பண்ணை போட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மீதி எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு அரசுக் கால்நடைப் பண்ணையில், பன்றிப் பிரிவில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். கூட்டுவது, கழுவுவது, குட்டி போடுகிற நேரத்தில் தாய்ப்பன்றி பக்கத்தில் குந்தியிருப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது. அதை விவரமாக எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் இரண்டு பேரும் 'கால்நடைத் துறை' என்று எழுதினீர்களே, எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? மாடா, ஆடா, பன்றியா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. இப்போது நீயே பன்றிப் பண்ணை போடுகிறேன் என்கிறாய். சரி, போகட்டும்.

எனக்கு நாற்பத்திரண்டு வயதாகும்போது மீனாட்சி டாக்டர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒல்லியாக, பெரிய கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்பார். நம்புகிறாரா நம்பவில்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கத்துகிற அதிகாரிகளிடம் வேலை பார்த்துப் பழகிய எனக்கு அந்த "அப்படியா?" பெரிய தொல்லையாக இருந்தது. கத்தினால் நாமும் மனசுக்குள் திருப்பிக் கத்திவிட்டு மறந்துவிடலாம். இது வீடு வரைக்கும் கூடவே வரும்.

வந்த முதல் நாளே தீவன அறைக்குள் போனார். தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், அது பன்னித் தீவனம்!"

"தெரியும்." கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கைக்குட்டையில் துப்பினார். "புண்ணாக்கு சிக்கு வாடை அடிக்குது. மூட்டை எப்ப வந்துச்சு?"

"போன மாசம் மேடம். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்படியா? நீங்க வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"நான் எதுக்கு மேடம் வாயில வெக்கணும்?"

"பன்னி புகார் எழுதிக் குடுக்காது, கோவிந்தராசு."

அன்றிலிருந்து பண்ணையில் அது சட்டமாகிவிட்டது. புதிதாகக் கலக்கிற ஒவ்வொரு தீவனத்தையும் நான் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நோட்டில் 'ருசி பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் விடுவார்களா? "என்னப்பா ராசு, இன்னிக்கு டிபன் ஆச்சா? சட்னி எல்லாம் தொட்டுக்கிட்டியா?" என்று தினம் ஒருத்தன் கேட்பான்.

அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. வெற்றிலை போட்ட வாயோடு தீவன அறைக்குள் வரக் கூடாது. நான் பதினெட்டு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவன். வெறும் வெற்றிலை இல்லை, சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து. நேராகவே கேட்டுவிட்டேன். "தஞ்சாவூர் ஜில்லாவுல வந்து வெத்தலை போடாதேன்னா எப்படி மேடம்?" அவர் "அப்படியா?" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. காலையில் வந்ததும் பொட்டலத்தைப் பண்ணை வாசல் பூவரச மரத்துக் கிளையிடுக்கில் செருகிவிட்டுப் போவேன். மத்தியானம் வந்து எடுப்பேன். நாற்பது வயதுக்கு மேல் திருடனைப் போல மரத்தடியில் நின்று வெற்றிலை போட வைத்தாரே என்று எனக்கு ஆத்திரம். காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைத்திருப்பார் போல.

கடற்பாசி வேலை அதற்கு அடுத்த வருடம் வந்தது. சில நாடுகளில் கடலோரத்துக்காரர்கள் பன்றிக்குப் பாசி போடுகிறார்களாம். கொழுக்க வைக்கிற பருவத்தில், வெயில் காலத்தில், நம் பன்றிகள் தீவனத்தைப் பாதியில் விட்டுவிடுகின்றனவே, அதற்கு இது உதவுகிறதா பார்ப்போம் என்றார் மேடம். அதிராம்பட்டினத்துக்கு ஜீப்பில் போனோம். அந்தக் கரை நீங்கள் படத்தில் பார்க்கிற மாதிரி வெள்ளை மணல் கரை இல்லை. சேறு, அலையாத்திச் செடிகள், அறுந்த வலை, அதில் சிக்கிப் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கிற பாசி. அஞ்சலை அக்கா என்று ஒருவர். வலையிலிருந்து பாசியைப் பிரித்து எடுத்து மூட்டை கட்டித் தர ஒத்துக்கொண்டார். நாலைந்து மூட்டை ஏற்றிய பிறகுதான் கேட்டார், எதுக்கு என்று.

"பன்னிக்கு அக்கா."

"பன்னிக்கா? நான் ஏதோ மருந்து கம்பெனிக்காரங்கன்னுல்ல நெனச்சேன்! அந்தம்மா கையில கடிகாரம் வேற கட்டியிருக்கவும் நம்பிட்டேன்." பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, அதுவும் ஒரு வயிறுதானே. மண்ணு போக அலசித்தான் வெச்சிருக்கேன்" என்றார்.

அலசியது கடல் தண்ணீரில். மண் போகும், உப்பு போகாது. அதனால் பண்ணைக்கு வந்ததும் எங்கள் வேலை தொடங்கும். அந்த வேலையை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். இளங்கோ, இந்த இடத்தை இரண்டு தடவை படி.

சிமெண்டுத் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்துப் பாசியைப் போட்டு, காலால் மிதிக்காமல் கையால் அலச வேண்டும். முதல் தண்ணீரில் நத்தையும் சிப்பியும் நைலான் நூலும் வரும். நூல் ஒரு இழை இருந்தாலும் பன்றியின் குடலுக்குப் போய்விடும். ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீர். அதையும் கொட்டிவிட்டு மூன்றாம் தண்ணீர். மூன்றாவதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தால் குடிக்கிற தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். கரித்தால் நாலாவது. பிறகு தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டு, அப்பளம் மாதிரி ஒடிகிற பதத்துக்குக் காய வைக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். அரைத்துச் சலித்து, முதலில் ஒரு கூடைத் தவிட்டோடு கலந்துவிட்டு, அதற்கப்புறம்தான் குருணை, புண்ணாக்கோடு சேர்க்க வேண்டும். நேராகக் கொட்டினால் ஒரு பன்றிக்குப் பாசி, ஒரு பன்றிக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு கழுவினாலும் பாசிக்குள் இருக்கிற உப்பு கொஞ்சம் நிற்கும். அதனால் வழக்கமாகத் தீவனத்தில் போடுகிற உப்பைப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தொட்டியில் எந்த நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஒரு வெயில் காலம் முழுக்கச் செய்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, காலைத் தீவனத்துக்கு முன்னால் எடை. பலகையை வைத்து ஒவ்வொன்றாக மறித்துத் தராசுக்கூண்டுக்குள் ஏற்ற வேண்டும். அவை போடுகிற சத்தத்தில் அன்றைக்கு முழுவதும் எனக்குக் காது கேட்காது. கடைசியில் தெரிந்தது இதுதான்: பாசி தின்றவை வெயிலிலும் தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்றன. சாணம் இறுகலாக வந்தது, தோல் மினுங்கியது. எடை கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். மேடம் அறிக்கையில் அப்படியேதான் எழுதினார். மேலேயிருந்து வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "என்னம்மா, ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு ஏதாவது இருந்தா பேப்பர்ல போடலாம்" என்றார் ஒருவர். "அப்படியா?" என்றார் மேடம்.

அதன் பிறகு, விருப்பப்பட்ட வளர்ப்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அப்படி வந்தவர்தான் தமிழ்ச்செல்வி.

ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். குத்தகை நிலத்தில் நெல். வீட்டுக்கு எதிரே வாய்க்கால், வாய்க்கால் ஓரமாகக் கொட்டகை, அதில் பதினொரு வெண்பன்றிகள். வீட்டுக்காரர் செந்தில் சிங்கப்பூரில் கட்டட வேலை. வீட்டில் நாலு வயதுப் பெண் யாழினியும், மாமனார் வைத்திலிங்கமும். எடுத்த எடுப்பிலேயே தமிழ்ச்செல்வி என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, அவருக்கு இந்த வருஷக் கடைசியில காண்ட்ராக்ட் முடியுது. திரும்பப் போடவான்னு கம்பெனியில கேக்குறாங்க. நெல்ல மட்டும் நம்பி வாங்கன்னு எப்படிக் கூப்பிடுறது? இந்தப் பதினொண்ணும் கிறிஸ்மஸுக்கு நல்லபடியா போச்சுன்னா, இதையே பெருசாப் பண்ணலாம், வந்துருங்கன்னு சொல்லிடுவேன். அவரும் சரின்னுட்டாரு. புள்ளைக்கு அப்பான்னா போனுக்குள்ள இருக்கற ஆளுன்னு ஆயிப்போச்சுண்ணே."

மாமனார் வைத்திலிங்கம் வாழ்நாள் முழுக்க மாட்டோடு இருந்தவர். பன்றி வளர்ப்பதில் அவருக்கு முதலில் இஷ்டமே இல்லை. மகன் திரும்பி வருவான் என்றதும் கொட்டகையே கதி என்று ஆகிவிட்டார். ஒரு பன்றிக்குச் 'சின்னராசு' என்று பேர்கூட வைத்திருந்தார். முதல் மாதம் நாங்களே கழுவிக் காய வைத்த தூளைக் கொடுத்தோம். அடுத்த மாதத்திலிருந்து அஞ்சலை அக்காவிடம் பாசி வாங்கி அவர்களே தயார் செய்துகொள்வது என்று ஏற்பாடு. தமிழ்ச்செல்விக்கு ஒவ்வொரு படியும் அத்துப்படி. என்னைவிட நன்றாகவே கழுவினார்.

பிறகு சம்பா நடவு வந்தது. பத்து நாள் அவர் காலையில் வயலுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். கொட்டகை மாமனார் பொறுப்பு.

அவர் என்ன செய்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. மாட்டுக்காரர்கள் வைக்கோலில் உப்புத் தண்ணீர் தெளித்துப் போடுவார்கள். மாடு ஆசையாகத் தின்னும், நன்றாகவும் இருக்கும். அந்தப் பழக்கத்தில், பாசியில் இருக்கிற உப்பைக் கழுவிக் கீழே விடுகிறார்களே, சத்தெல்லாம் அதில்தானே போகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கழுவாமலே காய வைத்தார். சீக்கிரம் எடை ஏறட்டும் என்று இரண்டு பங்குக்குப் பதில் பத்துப் பங்கு போட்டார். மேலே ஒரு கை கல் உப்பு. தண்ணீரையும் மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தொட்டியில் தண்ணீர் கிடந்தால் பன்றி புரண்டு அழுக்காக்குகிறது என்று இடைப்பட்ட நேரத்தில் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எல்லாமே அக்கறையில் செய்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அலட்சியமாக இருந்து கெடுத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த வாரம் பரிசோதனைக்குப் போனவன் நான்.

காலை பதினோரு மணி. போகிற வழியில் பட்டுக்கோட்டை சாலைக் கடையில் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பண்ணைக்குள்தானே தடை, ஊருக்குள் யார் கேட்கப் போகிறார்கள்? தொட்டி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

"என்னங்க ஐயா, தண்ணி இல்லையே?"

"இப்பத்தான் தம்பி குடிச்சு முடிச்சுச்சு. கழுவக் கவுத்து வெச்சிருக்கேன்."

நம்பினேன். தீவனத்தில் ஒரு சிட்டிகை எடுத்தேன். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல், நாக்கில் வைத்தேன். புகையிலையும் சுண்ணாம்பும் ஏறிய நாக்கு. மண்ணை வைத்தாலும் மாவை வைத்தாலும் ஒன்றுதான். 'ருசி பார்த்தது. சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வைத்திலிங்கம் ஐயா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தமிழ்ச்செல்வி போன் செய்தார். "அண்ணே, பன்னிக்குக் கண்ணு தெரியல. செவுத்துல போயி முட்டிக்கிட்டு நிக்குது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது. சீக்கிரம் வாங்கண்ணே."

மேடமும் நானும் ஜீப்பில் போனோம். நாங்கள் போகும்போதே ஒன்று செத்துக் கிடந்தது. மற்றவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று நாய் மாதிரி பின்னங்காலில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் இழுத்து இழுத்து, வாயில் நுரை தள்ளி, வலிப்பு வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடியும் சுற்றியது. வேலியோரம் கூட்டம். வெறிநாய் கடித்திருக்கும் என்றார் ஒருவர். "அந்தக் கடல் குப்பையப் போடாதேன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் அன்றைக்கு எதுவுமே சொல்லாத இன்னொருவர்.

மேடம் பன்றிகளைப் பார்த்தார். கவிழ்ந்த தொட்டியைப் பார்த்தார். நேராகத் தீவனப் பானைக்குப் போய் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். உடனே துப்பினார்.

"உப்பு" என்றார். "தண்ணி எப்ப வெச்சீங்க?"

வைத்திலிங்கம் ஐயா, "ரெண்டு வேளையும் காட்டிருவேன் தாயி" என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

"நிறுத்துங்க!" மேடம் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "யாரும் தண்ணி ஊத்தக் கூடாது!"

உடம்பில் உப்பு ஏறி நிற்கிற பன்றிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கிச் செத்துப்போகும். ஒரு டம்ளர், அரை மணி நேரம் கழித்து இன்னொரு டம்ளர், அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க, இரண்டு நாள்கூட. இதை அந்தக் கூட்டத்துக்கு எப்படிப் புரிய வைப்பது? எதிரே வாய்க்காலில் காவிரித் தண்ணீர் கரை முட்டப் போகிறது. இங்கே தாகத்தில் நாக்குத் தொங்குகிற உயிருக்கு நாங்கள் டம்ளரில் அளந்து கொடுக்கிறோம்.

"ஏம்மா, நீ டாக்டரா, இல்ல வேற ஏதாவதா? தாகத்துல சாவுறதுக்குத் தண்ணி குடுக்காதேங்கற?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார்.

"குடுக்குறோம் ஐயா. கொஞ்சம் கொஞ்சமா."

"என்னா கொஞ்சம்? கண்ணு முன்னாடி ஓடுது!"

மேடம் வலிப்புக்கு ஊசி போட்டார். கொட்டகையைச் சாக்கால் மறைத்து நிழலாக்கினோம். சத்தம் கூடாது என்று கூட்டத்தை வெளியே அனுப்பினோம். தமிழ்ச்செல்வி நடவுச் சேறு காயாத காலோடு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர். கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடியும் ஒரு டம்ளர். பன்றி டம்ளரோடு அவர் கையையும் கவ்வப் பார்க்கும். விடமாட்டார். நான் கொட்டகை வாசலில் குச்சியோடு நின்றேன், பன்றியைத் தடுக்க இல்லை, தண்ணீர் கொண்டுவருகிற மனிதர்களைத் தடுக்க.

ஆனால் மறுநாள் காலையில் நான் மேடத்தோடு ரோட்டில் நின்ற ஜீப்பிலிருந்து மருந்து எடுக்கப் போன பத்து நிமிடத்தில், தமிழ்ச்செல்வி முன்பக்கப் பன்றிகளோடு இருந்த நேரம், வைத்திலிங்கம் ஐயா பின்பக்க வேலியைப் பிரித்து, சின்னராசுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டார். சின்னராசு தேறிக்கொண்டு வந்த பன்றி. கண் தெரிய ஆரம்பித்திருந்தது. வாளியைக் காலி பண்ணிவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததாம். நாங்கள் திரும்பியபோது விழுந்து உதைத்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு அடங்கிவிட்டது. ஐயா வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் நான்கு போய், ஏழு நின்றது. ஏழும் தாமாகத் தீவனம் தேடின. மேடம் ஜீப்பில் உட்கார்ந்து பரிசோதனை நோட்டைக் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"ருசி பார்த்தது, சரின்னு போட்டிருக்கீங்க."

"பாத்தேன் மேடம்."

"அப்படியா?" என்றார். பிறகு, "வாயத் திறங்க" என்றார்.

பல் டாக்டரிடம் திறப்பது மாதிரி திறந்தேன். அன்றைக்கும் சிவப்பாகத்தான் இருந்தது. அவர் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். பூவரச மரத்தில் நான் ஒளித்து வைத்த பொட்டலத்தை வருடக்கணக்காக அவர் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார் என்பதும் அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

"நடந்ததை நான் அறிக்கையில எழுதுவேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத நீங்க பாத்துக்குங்க."

வீட்டில் தமிழ்ச்செல்வி மாமனாரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஐயா முதல் நாளிலிருந்து சாப்பிடாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசாமல் ஜீப்பில் ஏறியிருந்தால் மொத்தப் பழியும் அவர் தலையில்தான். ஏறத்தான் நினைத்தேன். பிள்ளைகளிடம் பொய் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். ஒரு காலை ஜீப் படியில் வைத்துவிட்டேன்.

பிறகு இறங்கிப் போய்த் தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். மூன்று நாளைக்கு முன்னால் அந்தத் தீவனத்தை நான் வாயில் வைத்தேன், வெற்றிலை போட்ட வாய், உப்பு தெரியவில்லை, தெரியாமலே 'சரி' என்று எழுதினேன், தொட்டி காய்ந்து கிடந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"பதினொண்ணும் நின்னுருக்கும்மா."

பிறகு எழுந்து வாய்க்கால் பக்கம் திரும்பிச் சத்தமாக, "மாமா, வந்து சாப்புடுங்க. உங்க ஒருத்தரு தப்பு மட்டும் இல்லையாம்" என்றார். என்னிடம், "நீங்களும் சாப்புட்டுப் போங்க. வாயக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நான் இருக்கும்போதே செந்தில் போன் செய்தார். தமிழ்ச்செல்வி ஸ்பீக்கரில் போட்டார்.

"எத்தனை நிக்குது?"

"ஏழு."

அந்தப் பக்கம் கட்டட வேலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா மேல கோவப்படாத."

"இல்ல. சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டுர்றேன் தமிழு. ரெண்டு வருஷம்தான்."

தமிழ்ச்செல்வி போனை வைத்துவிட்டு, குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லாமல், நாளை என்ன கிழமை என்று சொல்வது மாதிரி சொன்னார்: "யாழினி இப்ப எல்.கே.ஜி. அவரு வர்றப்ப ஒண்ணாங்கிளாஸு போயிருப்பா."

அன்றோடு வெற்றிலையை விட்டேன். வேளாங்கண்ணிக்குத் தான் வேண்டிக்கொண்டதால்தான் நான் விட்டேன் என்று உங்கள் அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்ததில்லை. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

தமிழ்ச்செல்வி கொட்டகையை மூடவில்லை. அந்த ஏழு பன்றிகளையும் தேற்றி விற்றார். கொட்டகை முழுக்கக் குழாய் இழுத்து, பன்றி மூக்கால் தள்ளினால் தண்ணீர் வருகிற மாதிரி வைத்தார். பாசியை விடவும் இல்லை. மூன்று தண்ணீர் கழுவித்தான் இன்றைக்கும் போடுகிறார். சொன்னபடி இரண்டு வருடம் கழித்துச் செந்தில் வந்தார். இப்போது இரண்டு பேருமாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார்கள். உனக்குப் பண்ணை போட வேண்டுமென்றால் முதலில் அங்கே போய் ஒரு மாதம் தொட்டி கழுவு. பாசி நல்ல பொருள்தான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'மட்டும்' என்று நீ கேட்டாயே, அதன் மேல்தான் கோபம்.

நீ வீடியோக்காரனிடம் வாங்கி எனக்குப் பார்சலில் அனுப்பிய பாக்கெட் நேற்று வந்து சேர்ந்தது. 'சுத்தமாகக் கழுவிப் பதப்படுத்தியது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டு, பிரித்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கரித்தது.